நம் வீட்டு டிவிக்குப் படம் வந்த வழி

நம் வயதுக்காரர்கள் வீட்டில் டிவிக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நாற்பது வருடச் சரித்திரம் தூசியும் ஒட்டடையுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை வைத்த வயர் ஒன்று. கறுப்பாக, தடியாக ஒன்று. தட்டை வாய் வைத்த ஒன்று. எதற்கென்றே தெரியாமல் சுருட்டிச் செருகிய இன்னொன்று. எது எதற்கு என்று கேட்டால், "கேபிள்காரத் தம்பி மாட்டிட்டுப் போனாரு" என்று பதில் வரும். தம்பி மாட்டியது சரிதானா என்று யாரும் பார்ப்பதில்லை. படம் தெரிகிறது, போதும்.

படம் தெரிவது வேறு, கொடுத்த பணத்துக்கு உரிய படம் தெரிவது வேறு. தொலைபேசித் துறையில் வயரோடும் கம்பத்தோடும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அதனால் தெருவில் யார் வீட்டில் டிவி மக்கர் செய்தாலும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, கதையாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு வயரும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவைக்காக நம் வீட்டுக்குள் வந்தது. அந்தத் தேவை என்னவென்று தெரிந்துவிட்டால், எதை எங்கே மாட்டுவது என்பது தானே விளங்கும்.

டெல்லியில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. சென்னைக்கு வந்துவிட்டால் சங்கரன்கோவிலுக்கும் வந்ததாகுமா? டிவி அலை நம் பழைய ரேடியோவின் மத்திய அலை மாதிரி பூமியை ஒட்டி வளைந்து வராது. ஏறத்தாழக் கண்பார்வை போல நேராகத்தான் போகும். சென்னைக்கும் நமக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மேற்கே திருவனந்தபுரம் பக்கம்தான், ஆனால் நடுவில் மலை சுவர் மாதிரி நிற்கிறது.

அந்த நிலையில்தான் 1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவியில் கட்டிய நிலையம். இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை மலை மேல் கோபுரம். அந்த மலையின் உயரம் 2,524 மீட்டர். நம்மூரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் பார்த்தால் வரக் கூடாது. ஆனால் நடுவில் மன்னார் வளைகுடா இருக்கிறது. கடலுக்கு மேல் குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் சில இரவுகளில், அந்த அடுக்குக்குள் சிக்கிய அலை குழாய்க்குள் போவது மாதிரி வெகுதூரம் வந்துவிடும். தென்மாவட்டங்களில் அப்போது டிவி வைத்திருந்த சில வீடுகளில், ஒரு நாள் சிங்களச் செய்தி பளிச்சென்று தெரியும், மறுநாள் வெறும் புள்ளி மழை. மொட்டைமாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழே முற்றத்தில் ஒருவர் "இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… ஆங், நில்லு" என்று கத்த, அது ஒரு குடும்பத் தொழில் மாதிரி நடக்கும். 80-களின் பின்பாதியில் கொடைக்கானல் மலையில் பெரிய ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு, தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாக்கள் வடக்கே திரும்பின. 1987 ஜனவரி 25-ல் ராமாயணம் தொடங்கியது. இந்தி ஒரு வார்த்தை புரியாதவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி வைத்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தார்கள்.

அந்த மீன்முள் ஆன்டெனாவுக்கு யாகி–உடா என்று பெயர். ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேராசிரியர்கள் 1926-ல் வெளியிட்ட வடிவம். அதிலிருந்து கீழே இறங்கியதுதான் நம் முதல் வீடியோ வயர். தட்டையான பிளாஸ்டிக் பட்டை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு செம்புக் கம்பி. ரிப்பன் வயர் என்போம். டிவி முதுகில் இரண்டு திருகாணி இருக்கும், அதில் முறுக்கிவிட வேண்டியதுதான்.

இந்த ரிப்பன் வயருக்கு 300 ஓம் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலக் குழாயில் வேகமாக வரும் தண்ணீரைத் திடீரென்று கால் அங்குலக் குழாயில் விட்டால் என்ன ஆகும்? ஒரு பகுதி உள்ளே போகும், மீதி மோதித் திரும்பும். வயரில் போகும் அலையும் அப்படித்தான். ஆன்டெனா, வயர், டிவி மூன்றுக்கும் இந்த ஓம் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பகுதி அலை திரும்பி, போய்ப் போய் வந்து, கொஞ்சம் பிந்தி டிவிக்குள் நுழையும். செய்தி வாசிப்பவர் தோளுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு தோள் தெரியுமே, அந்த நிழலுக்கு இதுவும் ஒரு காரணம். மலையில் பட்டுத் திரும்பி வரும் அலை இன்னொரு காரணம். அதற்கு வயரை மாற்றிப் பயனில்லை, ஆன்டெனாவைத்தான் திருப்ப வேண்டும்.

ரிப்பன் வயருக்குப் பெரிய குறை, அதன் அலை வயருக்கு வெளியிலும் பரவி நிற்கும் என்பது. பக்கத்தில் இரும்புக் கம்பம் இருந்தால் கெடும். மழையில் நனைந்தால் கெடும். ஜன்னல் கம்பியில் சுற்றினால் கெடும். நம் ஆட்கள் இந்த மூன்றையும் தவறாமல் செய்தார்கள். வயர் தொய்கிறதே என்று இரும்புக் கம்பத்திலேயே இறுக்கிக் கட்டிவிட்டு, படம் தெரியவில்லை என்று நூற்றுக்கணக்கில் ரூபாய் கொடுத்து பூஸ்டர் வாங்கியவர்கள் எத்தனை பேர்!

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் பிளாஸ்டிக், அதன் மேல் வலைப் பின்னலாக இன்னொரு கடத்தி, மேலே உறை. இரண்டு கடத்திக்கும் ஒரே அச்சு என்பதால் கோஆக்சியல் என்று பெயர். 1880-லேயே ஆலிவர் ஹெவிசைடு என்ற இங்கிலாந்துக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு அமெரிக்காவில் பெல் ஆய்வகத்துக்காரர்கள் 1929-ல் இதைத் தொலைபேசிக்கும் டிவிக்கும் ஏற்றபடி செய்தார்கள். எங்கள் துறையில் ஊருக்கு ஊர் ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான பேச்சுகள் போனது இதில்தான். அலை முழுவதும் உள்ளேயே அடங்கிவிடும். கம்பத்தில் கட்டலாம், மழையில் நனையலாம். இதன் கணக்கு 75 ஓம். ஆக, 300 ஓம் ஆன்டெனாவில் இந்த வயரை நேரே முறுக்கக் கூடாது. நடுவில் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு மேட்சிங் டிரான்ஸ்பார்மர் வேண்டும். கடையில் சில ரூபாய்க்குக் கிடைத்த சாமான். அது இல்லாமல் முறுக்கிவிட்டு, "கோஆக்சியல் வயர் சரியில்லை, ரிப்பனே தேவலை" என்று தீர்ப்புச் சொன்னவர்களும் உண்டு. வயர் நல்லதா கெட்டதா என்பது பாதிக் கேள்விதான். எதோடு எது சேரும் என்பது மீதிப் பாதி.

அடுத்து வந்தது டெக். ஜப்பானின் ஜேவிசி கம்பெனி 1976-ல் விஎச்எஸ் கேசட்டை வெளியிட்டது. நம் பக்கம் அது பரவியது 80-களில். ஒரு ராத்திரிக்கு டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, மூன்று படம் நான்கு படம் என்று விடிய விடியப் பார்த்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காவது படம் ஓடும்போது வாடகைக்கு எடுத்தவரே தூங்கியிருப்பார், தெருப்பிள்ளைகள் முழித்திருக்கும்.

டெக்கை டிவியோடு எப்படி இணைத்தார்கள் என்று நினைவிருக்கிறதா? பெரும்பாலும் ஆன்டெனா துளையில்தான். டெக்குக்குள்ளேயே குட்டி ஒளிபரப்பு நிலையம் ஒன்று இருந்தது. கேசட்டில் உள்ள படத்தை அது மறுபடியும் டிவி அலையாக மாற்றி அனுப்பும், டிவியில் காலியான ஒரு சேனலில் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு வந்த டிவிகளில் முதுகுப் பக்கம் மஞ்சள் துளை ஒன்று வைத்தார்கள். படத்தை அலையாக மாற்றி, மறுபடி பிரித்தெடுக்கும் வேலை அதில் கிடையாது. படம் நேரே போகும், ஒலி தனியாக வெள்ளை, சிவப்பில் போகும். அந்த முளைக்கு ஆர்சிஏ என்று பெயர் வரக் காரணம், டிவி பரவுவதற்கு முன்பே அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு இணைக்க அதைப் பயன்படுத்தியதுதான். பாட்டுப் பெட்டிக்குச் செய்த முளை, படத்துக்கும் வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது.

ஒரு இடைச்செருகல். வெளிநாட்டிலிருந்து உறவினர் கேசட் அனுப்பினால் சில சமயம் படம் உருண்டு ஓடும், கலர் வராது. வயர் மேல் சந்தேகப்படுவார்கள். வயர் பாவம். நம் நாட்டு முறைக்குப் பால் என்று பெயர் (குடிக்கிற பால் இல்லை): 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்காவில் என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 30 படம். சவுதியில் அப்போது பிரான்ஸ்காரர்களின் செக்காம். சிங்கப்பூர் நம்மைப் போலப் பால் முறைதான், அதனால் அங்கிருந்து வந்த கேசட்டுகள் மட்டும் சமர்த்தாக ஓடின.

மஞ்சள் வயருக்கு வருவோம். படத்தின் வெளிச்சம், நிறம், வரி எங்கே தொடங்க வேண்டும் என்கிற சைகை எல்லாவற்றையும் ஒரே கம்பியில் பிசைந்து அனுப்புகிறது. டிவி அதை மறுபடி பிரிக்க வேண்டும், முழுதாகப் பிரிக்க முடியாது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நமக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். டிவியில் ஒருவர் நெருக்கமான கோடு போட்ட சட்டையோ சிறு கட்டம் போட்ட சேலையோ கட்டி வந்தால், துணியில் இல்லாத வானவில் நிறம் அதில் நெளியுமே, கவனித்திருக்கிறீர்களா? நெருக்கமான கோட்டை டிவி நிறம் என்று நினைத்து ஏமாறுவதால் வருவது அது. நெசவில் குற்றமில்லை, எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்த முறையின் குணம்.

இதைச் சரிசெய்ய 1987-ல் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து அனுப்பும் எஸ்-வீடியோ என்று நாலு முள் வைத்த வயர் வந்தது. ஐரோப்பாவில் 21 முள் வைத்த பெரிய ஸ்கார்ட் வயர் இருந்தது. லண்டன், பாரிஸ் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த டிவிடி பிளேயரில் பார்த்திருப்பீர்கள், நம் டிவியில் மாட்ட இடமே இருக்காது. பிறகு பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயர் வைத்த காம்பொனன்ட். இது நல்ல வயர். ஆனால் அதிலும் சிவப்பு, ஒலி வயரிலும் சிவப்பு. இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டு, முகமெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று கூப்பிடுவார்கள். நம் வீடுகளில் இவை மூன்றும் தங்கவில்லை.

தங்கியது கேபிள். 80-களிலேயே சில ஊர்களில் ஒருவர் டெக்கில் படம் போட, தெருவுக்கெல்லாம் வயர் இழுத்துக் காட்டினார்கள். 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு செயற்கைக்கோள் சேனல்கள் வந்தன. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியது. ஒரு குடைத்தட்டு, ஒரு அறை நிறையப் பெட்டிகள், அங்கிருந்து மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு கோஆக்சியல். நடுநடுவே சத்தி கூட்டும் ஆம்ப்ளிபயர் பெட்டிகள். நம் தெருவில் கரண்ட் இருந்தும் டிவி வராது. விசாரித்தால் அந்தப் பெட்டி இருக்கும் தெருவில் மின்வெட்டு என்பார்கள். 1995-ல் கேபிள் டிவிக்குச் சட்டம் வந்தது. 2006 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு இலவசமாக 14 அங்குலக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. ஆன்டெனா கம்பம் நட வழியில்லாத வீடுகளுக்கும் டிவி போனது, பின்னாலேயே கேபிள் போனது. 2007 அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனம். 2011-ல் அது மறுபடி உயிர்பெற்றபோது மாதம் 70 ரூபாய்.

அந்தக் காலத்தில் வீட்டுக்குள் இன்னொரு டிவிக்கு வயர் பிரிப்பது என்றால் கத்தியால் சீவி முறுக்கி டேப் சுற்றுவதுதான். 75 ஓம் கணக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகும். முறையான ஸ்பிளிட்டர் வைத்துப் பிரித்தாலும், இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான சக்திதான் கிடைக்கும். ஒரே வயரில் நாலு டிவி ஓட்டியவர்கள் புள்ளி மழை பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

டிஷ் வந்தபோது, 2003-ல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டைரக்ட் பிளஸ், 2006-ல் டாடா ஸ்கை, 2008-ல் சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தபோது, மாடியிலிருந்து இறங்கியதும் கோஆக்சியல்தான். ஆனால் இங்கே அது இரட்டை வேலை செய்கிறது. படம் கீழே வருகிறது. தட்டின் முன்னால் இருக்கும் கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில் மேலே போகிறது. அதனால் ஆர்ஜி-6 என்று அச்சிட்ட நல்ல வயர் வேண்டும், நடுவில் ஒட்டு கூடாது, திருகு முளைக்குள் மழைநீர் இறங்கக் கூடாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கனமழை பெய்யும்போது மட்டும் டிஷ் படம் நின்றுவிட்டு, மழை விட்டதும் வந்தால் அதற்காக வயர் மாற்றாதீர்கள். அந்த அலைவரிசையை மழைத்துளியே விழுங்கிவிடும். மழை விட்ட பிறகும் வராவிட்டால்தான் முளையையும் வயரையும் பார்க்க வேண்டும்.

இப்போது தட்டை வாய் வயர். 2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்ட எச்டிஎம்ஐ. 19 முள். படமும் ஒலியும் ஒரே வயரில், எண்களாகப் போகும். மஞ்சள் வயர் மாதிரியான பழைய வயர்கள் படத்தை ஏற்ற இறக்கமான அலையாகக் கொண்டுபோனவை; வயர் கெட்டால் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். எண்களாகப் போகும்போது அப்படி இல்லை. எண் சரியாகப் போய்ச் சேர்ந்தால் முழுப்படம். சேராவிட்டால் வெள்ளைப் பொட்டு மின்னும், விட்டு விட்டு இருட்டும், அல்லது ஒன்றுமே வராது. நடுத்தரமான படம் என்று ஒன்று கிடையாது. தங்க முலாம் பூசிய வயரில் நிறம் கூடுதலாக மின்னும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய் வயரில் தடங்கல் இல்லாமல் வரும் படமும், மூவாயிரம் ரூபாய் வயரில் வரும் படமும் ஒன்றேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்புரை அறுவை செய்துகொண்டார். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி 43 அங்குல டிவி வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து ஆசிரியர் வந்து வருத்தமாகச் சொன்னார்: "ஆபரேசன் பண்ணியும் டிவில ஓடுத எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்கு அண்ணாச்சி. பணம் போனது போகட்டும், கண்ணு போயிருமோன்னு பயமா இருக்கு." மறுபடி மதுரைக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கியிருந்தார். போய்ப் பார்த்தேன். எச்டி டிவி, எச்டி பெட்டி, மாதாமாதம் எச்டி சேனலுக்குப் பணம். பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் பழைய டிவியில் இருந்த அதே மஞ்சள் வயர். முகங்கள் வேறு பக்கவாட்டில் உப்பிக் கிடந்தன.

கணக்கைப் பாருங்கள். மஞ்சள் வயரில் வரும் படத்தில், 625 வரியில் கண்ணுக்குத் தெரிவது 576. ஒரு வரிக்கு 720 புள்ளி என்று வைத்தால் மொத்தம் 4,14,720 புள்ளி. எச்டியில் 1,920-க்கு 1,080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஐந்து பங்குக்குப் பணம் கட்டி ஒரு பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எச்டிஎம்ஐ வயரை மாட்டி, ரிமோட்டில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்து, பெட்டியின் செட்டிங்கில் 1080 என்றும் திரை 16:9 என்றும் வைத்தோம். கீழே ஓடிய செய்தியை உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டு வாசித்தார், வகுப்பில் வாசிக்கிற மாதிரி. டாக்டர் தேதியை ரத்து செய்ய வேண்டாம், வருடாந்தரப் பரிசோதனையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் மட்டுமில்லை. பெட்டியோடு அந்த மூன்று நிற வயர் வருகிறது, அதையே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எச்டி படம் வர வேண்டுமானால் சேனல், பெட்டி, வயர், டிவி நாலும் எச்டியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பழைய படம்தான். முட்டி வலியால் ஆடித்தபசுக் கூட்டத்துக்குள் போக முடியாமல் வீட்டிலிருந்தே பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர். அம்மன் முகம் தெளிவாகத் தெரிவதற்கு ஒரு வயர்தான் குறுக்கே நிற்கிறது என்றால் அதை மாற்றிவிடலாமே.

எச்டிஎம்ஐ வயர் வாங்கும்போது 1.4, 2.0, 2.1 என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அந்த எண்கள் கருவிகளுக்கானவை. வயருக்கு வேகப் பெயர்தான் முறையான பெயர். சாதாரண எச்டி டிவிக்கு ஹை ஸ்பீடு என்று போட்டிருந்தால் போதும். 4கே டிவிக்கு பிரீமியம் ஹை ஸ்பீடு, நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும். அல்ட்ரா ஹை ஸ்பீடு என்பது 48 கிகாபிட். பேரன் வீடியோ கேம் பெட்டி வைத்திருந்தால் ஒழிய நமக்கு அவசியமில்லை. நீளம் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் போதும். 4கே படத்தை ஐந்து மீட்டருக்கு மேல் கொண்டுபோனால் மலிவு வயர் தடுமாறும். சுவருக்குள் குழாயில் புதைப்பதாக இருந்தால், புதைக்கும் முன் ஒரு நாள் முழுக்க வெளியில் ஓட்டிப் பாருங்கள். புதைத்த வயரை மாற்றுவது சுவரை இடிக்கும் வேலை.

இன்னொரு ஏமாற்று. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வைத்த வெறும் வயர் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு இணையத்தில் விற்கிறார்கள். எண்ணும் அலையும் வேறு வேறு மொழி; வெறும் செம்புக் கம்பி மொழிபெயர்க்காது. அதற்கு மின்சாரம் கொடுத்து இயங்கும் கன்வர்ட்டர் பெட்டி வேண்டும். அதிலும் திசை உண்டு: பழைய கருவியைப் புது டிவிக்குக் கொண்டுபோவது ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ, புதுப் பெட்டியைப் பழைய டிவிக்குக் கொண்டுபோவது எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி. மாற்றி வாங்கினால் இரண்டும் பயன்படாது. வாங்கும்போது எது உள்ளே, எது வெளியே என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

ஐப்பசி இடிக்கும் ஒரு வார்த்தை. மாடியிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் கோஆக்சியல் வயரின் வலைப் பின்னல் வழியாக மின்னல் பாய்ந்தால், பெட்டிக்குள் புகுந்து எச்டிஎம்ஐ வயர் வழியே டிவியின் துளையைக் கருக்கிவிடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி தொடங்குவதற்கு முன் மின் பிளக்கையும் கோஆக்சியல் வயரையும் கழற்றி விடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அதைத் தொடப் போகாதீர்கள். வெளிப்புற வயரைக் கழற்றும்போது கையில் சுரீரென்று ஷாக் அடித்தால், எங்கோ மின்கம்பியோடு உரசிக்கொண்டும் இருக்கலாம். உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மஞ்சள் வயரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பீரோ மேல் கல்யாணக் கேசட் இருக்கிறதல்லவா? கண்ணைக் கூசும் ஹாலஜன் விளக்கு போட்டு, பந்தி வரைக்கும் வந்து எடுத்த அந்த மூன்று மணி நேரக் கேசட். அதில் இன்று இல்லாத அப்பா நடக்கிறார், அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். காந்தப் பூச்சு பூசிய நாடா வருடா வருடம் மங்குகிறது, நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் பிடிக்கும். உலகத்தில் கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனி ஓடுவதெல்லாம் பழுது பார்த்த பழைய டெக்குகள்தான்.

ஓடுகிற டெக் ஒன்று கிடைத்தால், அதன் மஞ்சள் துளையிலிருந்து இதே வயரை எடுத்து, யுஎஸ்பி வீடியோ கேப்சர் என்று விற்கிற சின்னக் கருவியில் மாட்டி, கணினியில் பதிந்துவிடலாம். வெள்ளை, சிவப்பு ஒலிக்கு. டெக்கில் ஒலிக்கு ஒரே துளைதான் இருந்தால் வெள்ளையை மட்டும் மாட்டுங்கள். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்து, நாடா ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள். டெக்கின் ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டும் கெடும். அதை முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பொடி இல்லாவிட்டால் ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதியுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும், குறுக்குவழி கிடையாது. பதிந்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று பிள்ளைகளிடம்.